கூட்டில் தங்கிவிடும் பிள்ளைகள்

திருவனந்தபுரம் நகரின் நடுவே, 1857-இல் தொடங்கப்பட்ட விலங்குக் காட்சிச்சாலையும் 1880-இல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகமும் ஒரே சோலைக்குள் அமைந்திருக்கின்றன. விடியற்காலையில் அங்கே உலாவ வருபவர்களின் காலடிக்குச் சற்றுத் தொலைவில், உதிர்ந்த சருகுகளைப் புரட்டியபடி ஏழெட்டுப் பறவைகள் தத்தித் தத்திச் செல்லும். மண்ணின் நிறம், அழகென்று சொல்ல ஏதுமில்லை, ஓயாத இரைச்சல். ஒன்று பறந்தால் மற்றவை ஒவ்வொன்றாக அதைப் பின்தொடரும். தமிழில் இவற்றுக்குத் தவிட்டுக்குருவி என்றும் சிலம்பன் என்றும் பெயர். மலையாளத்தில் கரியிலக்கிளி, சருகுகளில் வாழும் பறவை என்பது அதன் பொருள். வங்காளத்து மக்கள் 'ஏழு அண்ணன் தம்பிகள்' என்றார்கள். ஆங்கிலேயர் 'ஏழு சகோதரிகள்' என்றார்கள். ஆணா, பெண்ணா என்பதில் கருத்து வேறுபட்டாலும், பார்த்தவர்கள் அனைவரும் ஒன்றை உணர்ந்திருக்கிறார்கள்: இது வெறும் கூட்டமன்று, குடும்பம்.

அந்த உணர்வு பொய்யன்று. 1970-களில் டில்லியில் ஆண்டனி காஸ்டன் என்பவரும், கேரளத்தில் வி. ஜே. சக்கரியாஸ், டி. என். மாத்யூ ஆகியோரும் இப்பறவைகளை முறையாக ஆராய்ந்தார்கள். அடர்ந்த கிளைகளுக்கிடையே கிண்ணம் போன்ற கூடு. அதில் நீலப்பச்சை நிறத்தில் மூன்று அல்லது நான்கு முட்டைகள். குஞ்சுகள் வெளிவந்த பின் இரை கொண்டுவருவது தாயும் தந்தையும் மட்டுமல்ல. கூட்டத்தின் மற்றப் பறவைகளும் முறைவைத்ததுபோல் வந்து ஊட்டுகின்றன. அவற்றுள் பல, முந்திய ஆண்டுகளில் அதே கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவை. அவற்றுக்கு நன்றாகப் பறக்கத் தெரியும்; தாமாக இரை தேடவும் தெரியும். ஆயினும் அவை போகவில்லை. பெண்பறவைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரிந்து வேறு கூட்டங்களில் சேர்கின்றன. ஆண்பறவைகள் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்கித் தம்பி தங்கையரை வளர்க்க உதவுகின்றன.

திருவனந்தபுரத்திலிருந்து கிழக்கே சென்றால் அகத்தியமலைக் காடுகள் தொடங்குகின்றன. அங்கே திரியும் செந்நாய்களிடமும் இதே பண்பைக் காணலாம். திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் பிறந்து, 2024-இல் மறைந்த வனவிலங்கு அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டங்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். கூட்டத்தில் பொதுவாக ஓர் இணையே குட்டி ஈனுகிறது. மற்றவை வேட்டையாடி உண்ட இறைச்சியை வயிற்றில் சுமந்துவந்து, குகைவாயிலில் காத்திருக்கும் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் கக்கிக் கொடுக்கின்றன. பிறர் வேட்டைக்குப் போகும்போது காவலுக்கு ஒன்று பின்தங்குவதும் உண்டு.

இதைக் கேட்டதும் பலர் உள்ளத்தில் எழும் எண்ணம் ஒன்றே: "பறவைக்கும் விலங்குக்கும் இருக்கும் பாசம் மனிதனுக்கு இல்லையே!" பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளுக்கு அறிவுரையாக மேடைகளில் இத்தகைய சான்றுகள் எடுத்துரைக்கப்படுகின்றன. நோக்கம் நல்லதுதான். ஆனால் இயற்கை உண்மையில் சொல்வது இதுதானா? அந்தக் குஞ்சுகள் ஏன் தங்குகின்றன? இதற்கான விடை, எளிய அறிவுரையைவிடச் சற்றுக் கடினமானது, சற்று ஆழமானதும்கூட.

அறிவியல் கண்ட காரணங்கள்

1935-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஸ்கட்ச் என்பவர், மத்திய அமெரிக்கக் காடுகளில் தாம் கண்ட இத்தகைய பறவைகளைக் 'கூட்டின் உதவியாளர்கள்' என்று பெயரிட்டு எழுதினார். அப்போதிருந்து இது உயிரியலின் பெரும் புதிர்களுள் ஒன்றாக இருந்துவருகிறது. புதிர் ஏன்? ஒவ்வோர் உயிரும் தன் சந்ததியைப் பெருக்கவே முயல்கிறது என்பது டார்வினின் கொள்கை. அப்படியிருக்க, தனக்குப் பிள்ளை பெறாமல் பிறர் பிள்ளையை வளர்க்கும் பண்பு தலைமுறை தலைமுறையாக எவ்வாறு நிலைத்து நிற்கிறது? எறும்பு, தேனீ ஆகியவற்றின் மலட்டு உழைப்பாளிகள் தம் கொள்கைக்கு ஒரு பெரிய இடர்ப்பாடு என்பதை டார்வினே 1859-இல் ஒப்புக்கொண்டிருந்தார்.

முதல் விடையை 1964-இல் வில்லியம் ஹாமில்டன் கணக்காக எழுதினார். உடன்பிறந்தவர்கள் தம் மரபுக்கூறுகளில் சராசரியாகப் பாதியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஆகவே தம்பியை வளர்ப்பதும் ஒரு வகையில் தன்னை வளர்ப்பதே. உறவின் நெருக்கத்தால் பெருக்கப்பட்ட பயன், உதவுவதால் வரும் இழப்பைவிட மிகுதியாக இருந்தால், உதவும் குணம் பரவும். அவருக்கு முன்பே ஜே. பி. எஸ். ஹால்டேன், தாம் உயிரைக் கொடுப்பதானால் இரண்டு சகோதரர்களுக்காக, அல்லது எட்டு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்காகக் கொடுக்கலாம் என்று வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகிறது.

இரண்டாவது விடை இடநெருக்கடி. திருவனந்தபுரத்துக்குத் தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள சேஷெல்ஸ் தீவுகளில் ஒரு சிறு கதிர்க்குருவி வாழ்கிறது. ஒரு காலத்தில் கூசன் என்ற ஒரே தீவில் மட்டும் அது எஞ்சியிருந்தது. இடமெல்லாம் நிறைந்துவிட்டதால் இளம்பறவைகள் பெற்றோருடன் தங்கி உதவின. அவ்வினத்தைக் காப்பதற்காக 1988-இல் 29 பறவைகள் அரிட் என்ற தீவில் கொண்டுபோய் விடப்பட்டன. யான் கோம்டியூர் என்ற டச்சு ஆய்வாளர் அடுத்து நடந்தவற்றைக் கவனித்தார். கூசனில் அவற்றால் காலியான இடங்களை, அதுவரை உதவியாளர்களாக இருந்த இளம்பறவைகள் விரைந்து வந்து பற்றிக்கொண்டன. அரிட் தீவில் பிறந்த இளம்பறவைகளோ தங்கவே இல்லை. தனித்துச் சென்று கூடு கட்டின. நல்ல இடங்கள் அங்கும் தீர்ந்த பிறகுதான் தங்கும் வழக்கம் மீண்டும் தலைகாட்டியது. அப்போதும் தாழ்ந்த தரத்து இடங்கள் காலியாகவே இருந்தன. வளமற்ற இடத்தில் தனிக்குடித்தனத்தைவிட, வளமான இடத்தில் கூட்டுக்குடும்பமே மேல் என்று அவை தேர்ந்தன போலும்.

மூன்றாவது விடை பெங்களூரிலிருந்து வந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ராகவேந்திர கடக்கர், காகிதம் போன்ற கூடு கட்டும் ஒரு குளவியினத்தைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். அவற்றின் கூட்டில் உழைப்பவை எல்லாம் மிக நெருங்கிய உறவினர் அல்ல. ஆகவே உறவுக் கணக்கு மட்டும் போதவில்லை. தனியே கூடு தொடங்கும் குளவி, தன் குஞ்சுகள் முழு வளர்ச்சி அடைவதற்குள் இறந்துபோனால் அதன் உழைப்பு முழுவதும் வீண். கூட்டத்தில் இருந்து உழைப்பது அவ்வாறன்று. பாதியில் இறந்தாலும் அது வளர்த்த குஞ்சுகளை மற்றவை தொடர்ந்து வளர்க்கும். 1990-இல் அவர் எடுத்துரைத்த கருத்து இது: விட்டுச்செல்லும் வேலை வீணாகாது என்ற உறுதியே தங்குவதற்கு ஒரு காரணம்.

இனிமையற்ற ஒரு விடையும் உண்டு. கென்யாவில் வாழும் ஒருவகைப் பஞ்சுருட்டான் பறவைகளில், மகன் தனிக்கூடு அமைக்க முயலும்போது தந்தை சென்று இடையூறு செய்கிறது. கூட்டின் வாயிலை மறிக்கிறது. மகன் தன் துணைக்கு இரையூட்டுவதைத் தடுக்கிறது. பல வேளைகளில் மகன் சலித்துத் தன் முயற்சியைக் கைவிட்டு, பெற்றோரின் கூட்டுக்கே உதவியாளாகத் திரும்புகிறது. ஸ்டீபன் எம்லென், பீட்டர் ரெகே ஆகிய இருவரும் 1992-இல் இதை வெளியிட்டார்கள்.

உறவு, இடநெருக்கடி, பாதுகாப்பு, வற்புறுத்தல் என்று அறிவியல் கண்ட காரணங்கள் இவை. இவற்றோடு, குஞ்சு வளர்க்கும் பயிற்சி கிடைக்கிறது என்பதையும் சிலர் சேர்ப்பர்.

கணக்குப் போடுவது யார்?

இவற்றைப் படிக்கும் ஒருவர் மனம் சோர்ந்துபோகலாம். தியாகமென்று எண்ணியது தன்னலத்தின் நுட்பமான கணக்குத்தானா? பறவையின் பாசம் அப்படியென்றால், இரவெல்லாம் கண்விழித்துத் தந்தையின் படுக்கையருகே இருக்கும் மகளின் பாசமும் அதே கணக்கின் மற்றொரு வடிவம்தானா? இன்று படித்த இளைஞர் பலர் இவ்வாறு சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிவிட்டு, அறத்தின்மீது கொண்ட மதிப்பையும் சிறிது சிறிதாக இழக்கிறார்கள். ஆகவே இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்க வேண்டியது அவசியம்.

சிலம்பனின் கூட்டிலேயே இதற்கு ஒரு தடயம் கிடைக்கிறது. சுடலைக்குயில் தன் முட்டையைச் சிலம்பனின் கூட்டில் இட்டுச் செல்லும் பழக்கமுடையது. சிவகாசியில் கல்லூரி ஆசிரியராக இருந்த நாட்களில் ஜான்சிங், பரமானந்தம் என்பவருடன் சேர்ந்து, வெண்தலைச் சிலம்பன்களின் கூட்டம் ஒன்று ஒரு சுடலைக்குயில் குஞ்சைக் கூட்டாகப் பேணியதைப் பதிவு செய்து 1982-இல் வெளியிட்டார். அந்தக் குஞ்சுக்கும் சிலம்பனுக்கும் எந்த உறவும் இல்லை. உறவுக் கணக்குப்படி அது முழு நட்டம். ஆயினும் ஊட்டுகின்றன.

குயிலின் வஞ்சனை என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதில் மற்றோர் உண்மையும் வெளிப்படுகிறது: பறவை கணக்குப் போடுவதில்லை. தன் கூட்டில் ஒரு வாய் பசியோடு திறந்திருக்கிறது, அதற்கு ஊட்ட வேண்டும் என்ற உந்துதல் எழுகிறது, அவ்வளவே. கணக்கு என்று ஒன்று இருக்குமானால், அது எண்ணற்ற தலைமுறைகளின் பிழைப்பிலும் அழிவிலும் நடந்து முடிந்த கணக்கு. அதன் விளைவாக அமைந்த உள்ளத்தில் இருப்பது கணக்கு அன்று, பரிவு.

ஒரு செயலின் தோற்றக் காரணம் வேறு. அதைச் செய்பவரின் நோக்கம் வேறு. பசி என்ற உணர்வு உடலைக் காப்பதற்காகவே உண்டாயிற்று. ஆனால் பசித்தவன் உடலின் வேதியியலை எண்ணிச் சோற்றுக்குக் கைநீட்டுவதில்லை. நள்ளிரவில் குழந்தை அழும்போது தாய் எழுவது மரபுக்கூறைக் காக்க அல்ல. குழந்தை அழுகிறது என்பதற்காக. அந்த அன்பு எங்கிருந்து வந்தது என்று அறிவியல் சொல்லலாம். வந்த வழி தெரிந்துவிட்டதால் வந்த பொருள் பொய்யாகிவிடாது. தாமரை சேற்றில் முளைத்தது என்று அறிந்தவர் யாரும் அதைச் சேறு என்று சொல்வதில்லை.

உறவுக் கணக்கை வேடிக்கையாகச் சொன்ன ஹால்டேனின் வாழ்க்கையே இதற்குச் சான்றாக அமைந்தது. 1957-இல் இங்கிலாந்தைவிட்டு இந்தியாவுக்கு வந்து, இந்நாட்டுக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் அவர் மறைந்தார். அவர் விருப்பப்படி, அவருடைய உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரி மாணவர்களின் படிப்புக்காக அளிக்கப்பட்டது. அந்த மாணவர்களுள் ஒருவர்கூட அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் அல்லர்.

இயற்கை காட்டாத வழி

இனி, மேடைகளில் சொல்லப்படும் அறிவுரைக்கு வருவோம். 'பறவைகூடத் தன் பெற்றோரைக் காக்கிறது' என்பது சரியா? கூர்ந்து பார்த்தால் சரியன்று. சிலம்பனின் பிள்ளை தங்குவது, முதுமையால் தளர்ந்த தாய்க்கு இரையூட்ட அல்ல. தாய்க்குப் புதிதாகப் பிறந்த குஞ்சுகளை வளர்க்க. செந்நாய் கக்கிக் கொடுப்பது, பல்விழுந்த கிழத் தந்தைக்கு அல்ல; குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும். இயற்கையில் உதவி பெரும்பாலும் வரும் தலைமுறையை நோக்கியே பாய்கிறது. ஆற்றுநீர் மேட்டுக்குத் திரும்பாததுபோல, போகும் தலைமுறையை நோக்கி அது திரும்புவதில்லை. செங்கால்நாரை தன் முதிய பெற்றோருக்கு இரையூட்டுகிறது என்று பண்டைக் கிரேக்கர் நம்பினார்கள். அது அழகிய கற்பனையே. வீழ்ந்துகிடக்கும் உறவைத் தூக்கி நிறுத்த யானைகள் முயல்வதைக் கண்டவர்கள் உண்டு. ஆனால் தளர்ந்த பெற்றோரை ஆண்டுக்கணக்கில் ஊட்டிக் காப்பது விலங்குலகின் இயல்பான நடைமுறையாக அறியப்படவில்லை.

மனித இனத்தில் பாட்டியின் உதவியால் பேரக்குழந்தைகள் பிழைத்தார்கள், அதனால் முதுமைக்கு இயற்கையில் ஒரு பயன் உண்டு என்று சில அறிஞர்கள் விளக்குகிறார்கள். அது நடமாடும் பாட்டிக்குப் பொருந்தும். பெற்ற மகளின் பெயரையே மறந்து, படுக்கையோடு கிடக்கும் எண்பத்தைந்து வயது மூதாட்டிக்குப் பொருந்துமா? அவரைத் துடைத்து, உடைமாற்றி, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டும் கைக்கு எந்தக் கணக்கின்படியும் வரவு இல்லை. உறவுக் கணக்கு, இடநெருக்கடி, பயிற்சி என்று எதைக் கொண்டும் அந்தச் செயலை முற்றும் விளக்கிவிட முடியாது.

ஆகவே உண்மை, மேடை அறிவுரைக்கு நேர்மாறானது. முதியோரைப் பேணுவது பறவையிடமிருந்து மனிதன் கற்கவேண்டிய பாடம் அன்று. இயற்கை தந்த பரிவை மனிதன் தானாகத் திசைதிருப்பி, மேட்டை நோக்கிப் பாயச்செய்த வாய்க்கால் அது. வாய்க்கால் என்பதால் அதற்குப் பராமரிப்பு வேண்டும். தூர்வாராமல் விட்டால் நீர் மீண்டும் பள்ளத்துக்கே போய்விடும். 'பெற்ற பாசம் தானாக வரும்' என்று எண்ணிச் சும்மா இருப்பது, கரையைக் கவனிக்காத உழவனின் நம்பிக்கையைப் போன்றது. அதனாலேயே இந்நாட்டுச் சான்றோர் இதைப் பாசத்தின்மீது மட்டும் விட்டுவைக்காமல் கடன் என்றார்கள், தர்மம் என்றார்கள்.

போனவர்களும் இருப்பவர்களும்

திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6; கேரளத்தில் 12.6. அந்நகரின் வளர்ச்சி ஆராய்ச்சி மையம் 1998-இல் தொடங்கிவைத்த கேரளக் குடிபெயர்வுக் கணக்கெடுப்பு அதன்பின் பலமுறை நடந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு, சுமார் 22 இலட்சம் மலையாளிகள் வெளிநாடுகளில் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுள் மாணவர்களின் எண்ணிக்கை 2018-இல் இருந்த சுமார் 1.29 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 2.5 இலட்சமாக உயர்ந்திருந்தது. நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் தஞ்சையிலும் நிலைமை பெரிதும் வேறன்று. பெரிய வீடு, முற்றத்தில் மாமரம், உள்ளே இரண்டு முதியவர்கள், கைப்பேசியில் பேரனின் முகம்.

பெரும்பாலான குடும்பங்களில் ஒருவர் தங்கிவிடுகிறார். மூன்று பிள்ளைகளில் இருவர் சென்றிருப்பர், ஒருத்தி இருப்பாள். திருமணம் கைகூடாதவள், அல்லது உள்ளூரில் ஆசிரியையாக இருப்பவள், அல்லது வாய்ப்பு வந்தபோது தந்தைக்கு உடல்நலம் குன்றியதால் போகாமல் நின்றவள். அக்கம்பக்கத்தார் 'பாக்கியசாலி, பெற்றோருக்குச் சேவை செய்யும் பேறு பெற்றாள்' என்பர். அவள் உள்ளத்தில் மட்டும் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கும்: 'இது நான் தேர்ந்துகொண்டதா, அல்லது வேறு வழியில்லாமல் நேர்ந்ததா? வழியில்லாமல் நேர்ந்ததற்குச் சேவை என்ற பெயர் தகுமா?'

கூசன் தீவின் கதிர்க்குருவி அந்தக் கேள்விக்கு ஒரு பாதியைத்தான் விடையாகத் தரும்: ஆம், இடமில்லாததால் தங்கினாய். மறுபாதியை மனிதனே சொல்லிக்கொள்ள வேண்டும். தங்கநேர்ந்தது சூழ்நிலையாக இருக்கலாம்; தங்கிய பின் ஒவ்வொரு நாளும் எப்படி இருப்பது என்பது சூழ்நிலையன்று. முணுமுணுத்துக்கொண்டு நீட்டும் தண்ணீர்ச் செம்பும், முகம் பார்த்து நீட்டும் தண்ணீர்ச் செம்பும் ஒரே தாகத்தைத்தான் தீர்க்கின்றன. ஆனால் நீட்டுபவர் இருவரும் ஒருவரல்லர். பறவைக்குக் காரணம் மட்டுமே உண்டு. மனிதனுக்கு, காரணத்தை ஏற்றுக்கொண்டு அதைக் காணிக்கையாக மாற்றும் உரிமையும் உண்டு. தொடக்கம் எதுவாயினும், அந்த மாற்றம் நிகழும் நாளில்தான் சேவை பிறக்கிறது.

யயாதியின் மக்கள்

இப்படிச் சொல்லிவிட்டுத் தங்கியவரை மட்டும் புகழ்ந்து, போனவரைப் பழிப்பது எளிது. மகாபாரதம் அந்த எளிய வழியில் செல்லவில்லை. சாபத்தால் முதுமையடைந்த யயாதி, தன் முதுமையை வாங்கிக்கொண்டு இளமையைத் தருமாறு ஐந்து மக்களிடமும் கேட்டான். மூத்தவன் யது முதலாக நால்வர் மறுத்தனர். இளையவன் பூரு கொடுத்தான். மறுத்த யது அரசுரிமையை இழந்தான். பூருவின் வழியில் பரதனும் குருவும் தோன்றினர். கதை இத்துடன் முடிந்தால் நீதி எளிமையானது. ஆனால் மறுத்த யதுவின் குலத்தில்தான் கண்ணன் பிறந்தான். விலகிச்சென்ற மகனின் கிளையும் பட்டுப்போகவில்லை. தன் காலத்தில் அதற்கும் பூக்கும் பேறு கிடைத்தது.

கதையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பெற்றோர் கவனிக்கவேண்டிய செய்தி. நெடுங்காலம் இன்பம் துய்த்த யயாதி, நுகர்வால் ஆசை தணிவதில்லை என்று உணர்ந்து, மகனுடைய இளமையை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வனம் சென்றான். பிள்ளை தந்ததைத் திருப்பித்தரத் தெரிந்ததால்தான் அவன் இறுதியில் உயர்ந்தவனாகிறான். பீஷ்மரின் வரலாறு இதற்கு மறுபக்கம். தந்தையின் மணத்துக்காகத் தன் மணத்தையும் அரசையும் துறந்தார் அவர். சந்தனு வரம் தந்தான். இளமையைத் திருப்பித் தரவில்லை. அந்தச் சபதம் உலகம் வியந்த தியாகம். அதே வேளையில், அதிலிருந்துதான் அரசுரிமைச் சிக்கல்கள் பல முளைத்தன என்பதையும் காவியம் மறைக்கவில்லை. பிள்ளையின் தியாகம் பெரியதாக இருக்கலாம். அதைக் கேட்டுப் பெறும் பெற்றோரின் ஆசை சிறியதாக இருந்துவிடக் கூடாது.

கென்யப் பஞ்சுருட்டானின் தந்தையைப் போல், மகனின் கூட்டு வாயிலை மறிக்கும் பெற்றோர் மனிதரிலும் உண்டு. 'நீ போனால் நான் பிழைக்கமாட்டேன்' என்ற சொல்லும் ஒருவகை மறிப்பே. பிள்ளையைத் தங்கவைக்கும் ஆற்றல் தங்களுக்கு உண்டு என்று தெரிந்தும் 'போய் வா' என்று சொல்லும் பெற்றோருக்கே, பிள்ளை தானாகத் திரும்பிவரும்போது அது பரிசாகிறது.

முறைமாற்றம்

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பிள்ளைகள் பெற்றோருக்குப் பராமரிப்புத் தொகை தரவேண்டும் என்று தீர்ப்பாயம் ஆணையிட அது வகைசெய்கிறது. கைவிடப்பட்டவருக்கு அது தேவையான காப்பு. ஆயினும் சட்டத்தால் பணத்தை வரவழைக்க முடியும். படுக்கையருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் மனத்தை வரவழைக்க முடியாது.

அந்த மனம் இரத்த உறவோடு நின்றுவிடுவதும் இல்லை. கோழிக்கோட்டில் 1993-இல் சிறிதாகத் தொடங்கிய வலிதணிப்புச் சேவை, பின்னர் கேரளமெங்கும் அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் பணியாக வளர்ந்தது. 2008-இல் இதற்கென ஒரு கொள்கையை வகுத்து, இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலமாயிற்று கேரளம். திருவனந்தபுரத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் 2003-இல் நிறுவிய பேலியம் இந்தியா இப்பணியைச் செய்துவருகிறது. உறவு எதுவும் இல்லாத ஒருவர், தெருக்கோடியில் படுத்திருக்கும் முதியவரைப் பார்க்கச் செல்கிறார், புண்ணைத் துடைக்கிறார், சிறிது நேரம் பேசிக்கொண்டிருக்கிறார். சிலம்பனின் பரிவு தன் கூட்டத்தின் எல்லையில் நின்றுவிடுகிறது. அண்டைக் கூட்டம் எல்லைக்குள் வந்தால் பூசல்தான். மனிதன் அந்த எல்லையைக் கடக்க வல்லவன் என்பதற்கு இத்தகைய வீடுகளே சான்று.

பறவையிடம் கற்பதற்கு ஒன்றும் இல்லை என்பதல்ல இதன் முடிவு. கற்கவேண்டியது ஒன்று உண்டு. அது மேடையில் சொல்லப்படுவதைவிடச் சிறியது, ஆனால் இன்றைய குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியது. அருங்காட்சியகச் சோலையில் சிலம்பன்கள் தரையில் இரை தேடும்போது, ஒன்று மட்டும் சற்று உயரமான கிளையில் அமர்ந்து சுற்றிலும் நோட்டமிடுகிறது. பருந்தோ பூனையோ தென்பட்டால் குரல் கொடுக்கிறது. காவலில் இருக்கும்வரை அதற்கு இரை இல்லை. சிறிது நேரம் கழிந்ததும் அது கீழே இறங்குகிறது. வேறொன்று காவலுக்கு ஏறுகிறது.

ஒரே பிள்ளை பல ஆண்டுகள் இறங்காமல் காவல் இருக்கும் வீடுகள் பல. கடல்கடந்து இருப்பவர்கள் அனுப்பும் பணம் பயனுடையதுதான். அதனினும் பயனுடையது, ஆண்டில் ஒரு மாதமேனும் வந்து, 'நீ இறங்கி வா. இப்போது என் முறை' என்று சொல்லும் ஒரு சொல். தங்கியவளுக்கு அந்த ஒரு மாதம் ஓய்வு மட்டுமன்று. தன் உழைப்பை உடன்பிறந்தவர் கண்டுகொண்டனர் என்ற ஆறுதல். இது தன் தலைவிதியன்று, குடும்பம் பகிர்ந்துகொண்ட கடமை என்ற தெளிவு. அந்தத் தெளிவு வாய்த்தால், அடுத்த நாள் காலையில் அவள் மீண்டும் கிளையேறும்போது, தானே விரும்பி ஏறுவாள்.